இடும்பிக்கு ஏழாம் காட்சியில் வசனம் இல்லை

கருங்காட்டு ஓரம், ஃபில்லிங்கன்.
ஆண்டுவிழா நாடகத்துக்கு ஆள் தெரிந்தபோது
என் உயரத்தைப் பார்த்தார்கள், பிறகு நிறத்தை.
"அக்கா, நீங்கள்தான் இடும்பி" என்றான் தவபாலன்.
பல் மட்டும்தான் கடையில் வாங்கியது.

இரண்டாம் காட்சி என்னுடையது.
அட்டையில் வெட்டிய ஊசியிலை மரங்களுக்கு நடுவே
உறங்குகிறவர்களைக் காவல் காக்கும் ஒருவனைக் கண்டு
பசி மறந்து நிற்கவேண்டும்.
நின்றேன்.
என் அண்ணனை அவன் கொன்றபோது
சபையில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.
ஒரு மகன் பிறக்கும்வரைதான் என்று பேச்சு.
பிறந்தான்.
போனார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை காட்சி!
இன்னொருத்தியின் சுயம்வரம், மாளிகை, சூது, சேலை.
திரைக்குப் பின்னால், தேநீர் ஆறிக்கொண்டிருக்க,
நான் மகனுக்கு நடை பழக்கினேன்.
குடம்போல மொட்டைத்தலை, அதனால்தான் அந்தப் பெயர்.
எண்ணெய் வைத்தால் என் முகம் தெரியும் அதில்.
ராச்சியம் கிடைத்தது என்று யாரும் ஆளனுப்பவில்லை.
யுத்தம் என்றதும்
காட்டுக்கு வழி தெரிந்துவிட்டது.

வேறொருவன் மார்புக்கென்று பத்திரப்படுத்திய வேல்
என் பிள்ளையின் மார்பில் ஏறியது.
சாகும்போதும் உடம்பைப் பெருக்கிக்கொண்டு
எதிரிகள்மேல் விழுந்தான்.
அவ்வளவு சொற்கேட்கிற பிள்ளை.
தேரோட்டி மகிழ்ந்து ஆடுகிறார்
என்று பிரதியில் இருக்கிறது.
எனக்கு ஒரு வரியும் இல்லை.

"தாய் எங்கை நிப்பாள்?" ஒத்திகையில் கேட்டேன்.
"அவ காட்டிலதானே அக்கா. வந்தா கதை இழுபடும்.
பத்து மணிக்கு மண்டபத் திறப்புக் குடுக்கோணும்."

தவபாலனுக்கும் தெரியும்
எங்கள் படலையில் ஒரு மாலை
இரண்டு சைக்கிள்கள் வந்து சாய்ந்தது.
தம்பி
சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனான்.

விழாவன்று அழைக்காமல் மேடையேறினேன்.
பல்லைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு
செத்துக் கிடந்த லக்சிகனின் தலைமாட்டில் இருந்தேன்.
பன்னிரண்டு வயது. ஜெல் பூசி நிமிர்த்திய முடி.
தடவினேன்.
ஒரு கண்ணைத் திறந்து
"அன்ரி, இது இதில வராதே?" என்றான் மெல்ல.
ஆடிக்கொண்டிருந்தவனின் கால் நின்றது.
மத்தளம் மட்டும், கவனிக்காமல்,
இன்னும் கொஞ்சத் தூரம் போனது.

கதவோரம் திறப்புக்கொத்தோடு ஹெர் ஃபோக்ட்.
மணியைப் பார்த்தார்,
கிடக்கிற பிள்ளையைப் பார்த்தார்,
நடைவழி விளக்கை மட்டும் அணைத்தார்.