கூட்டிப் பெருக்குகிறவன்

சனிக்கிழமை ஐந்து மணிக்கு
கடைசிக் கார் இறங்கிப் போனபின்
என் துடைப்பத்துக்கு வேலை வரும்.
ஷால்கிராஸுக்கு மேலே, மலைச்சரிவில் எங்கள் சுடுதளம்.
ஒன்பது மில்லிமீட்டருக்கு ஒரு வாளி,
மற்றதெல்லாம் இன்னொன்றில்.
காலித் தோட்டா, நல்ல பித்தளை.
ஜேக்கப்ஸில் ஒருவர் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வார்.
எடை போடும் முன்
என் கால்சட்டை மடிப்பை உதறச் சொல்வார்.
அங்கேயும் இரண்டு மூன்று கிடக்கும்.

செவ்வாய் இரவு சாட்ஸ்வர்த்தில்
பள்ளி மண்டபத்தில் கூட்டம்.
ஒரு சட்டம் வேண்டுமாம்.
துப்பாக்கியின் ஊசிமுனையில் எண் வெட்டுவார்களாம்,
சுடுகிறபோதெல்லாம்
தோட்டாவின் தலையில் அது பதியுமாம்,
கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்.
"தலையெழுத்துதான்" என்றேன்
பக்கத்து நாற்காலித் தெம்பின்கோசியிடம்.
அவனுக்குத் தமிழ் தெரியாது. தலையாட்டினான்.

பல்கலைக்கழகப் பெண் ஒருத்தி
சுவர் நிறையப் படம் காட்டினாள்:
தோட்டாவின் பின்பக்கம்,
நிலா மாதிரி, நடுவில் குழியோடு.
குழிக்குள் எட்டு எழுத்து.

வான் ரூயன் எழுந்தார்.
"என் மனைவி நகம் தேய்க்கும் அரம் போதும்.
பத்தே நிமிஷம், எண் போய்விடும்.
ரிவால்வர் தோட்டாவைத் துப்புவதே இல்லை.
திருட்டுத் துப்பாக்கி
பறிகொடுத்தவன் பெயரைத்தான் சொல்லும்.
ஏறப்போவது விலை மட்டும்,
உரிமம் வாங்குகிற முட்டாளுக்கு."
கைதட்டினார்கள்.
நானும் இரண்டு தட்டு தட்டினேன்.
சம்பளம் தருகிறவர் அவர்.

தனபாக்கியம் மூட்லி
ஒலிபெருக்கியை வாங்கிக்கொள்ளவில்லை.
"எங்கள் கோயில் சமையற்கட்டில்
கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கிறோம்.
எடுத்தவன் தேய்த்துவிடுவான் என்று
வெட்டாமல் விட்டோமா?
பத்து போனால் இரண்டு திரும்பி வரும்.
என் மகன் யுகேந்திரனைச் சுற்றிப்
பதினோரு தோட்டா பொறுக்கினார்கள்.
பதினொன்றும் ஊமை.
எனக்கு இரண்டு போதும்."

யாரும் கைதட்டவில்லை.
கையை எங்கே வைத்துக்கொள்வது என்று
எனக்குத் தெரியவில்லை.

துப்பறியும் அதிகாரி கடைசியில் பேசினார்.
ஆய்வுக்கூடத்தில் பைகள் வரிசையில் நிற்கின்றனவாம்,
சென்ற வருஷத்துப் பைகள்.
"எழுத்து பேசும். கேட்க ஆள் கொடுங்கள்."

மூன்று மணி நேரம்.
அரம், விலை, உரிமம், அரசியல் சாசனம்.
என் வாளியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாசலில் சமோசா கொடுத்தார்கள்.
நீலத் தொப்பிப் பையன் ஒருவன் எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினான்.
"அங்கிள் மேலே சுடுதளத்தில்தானே?
சட்டம் வந்தால்
ஒரு கைப்பிடி என்ன விலை?"
கேட்டுவிட்டுச் சிரித்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது.
சனிதோறும் வருகிற பல் டாக்டரின் எண்,
வங்கி மேலாளரின் எண், வான் ரூயனின் எண்,
எல்லாம் என் வாளியில்.
ஒரு கைப்பிடி அள்ளி
எவன் விழுந்து கிடக்கிறானோ அவன் பக்கத்தில் தூவினால்
பல் டாக்டர் கொலைகாரர்.

நான் விலை சொல்லவில்லை. சிரித்தேன்.
ஆனால் மினிபஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை
மனசுக்குள் ஒரு தொகை ஏறிக்கொண்டே இருந்தது.
மூன்றாம் நிறுத்தத்தில் இருநூறு ரேண்ட்.
பாலம் தாண்டும்போது ஐந்நூறு.
இறங்கும்போது அந்தப் பதினொன்று ஞாபகம் வந்தது.
அதைக் கூட்டியது யாரோ?
அதையும் ஒரு பையில்தானே போட்டிருப்பார்கள்?

சட்டம் வருமோ வராதோ.
இந்தச் சனிக்கிழமை
என் காசில் ஒரு பூட்டு வாங்கிப் போனேன்.
கூட்டினேன். பெருக்கினேன்.
ஐந்தாம் தடத்தில் பலகை இடுக்குக்குள்
ஒன்று உருண்டு போய்விட்டது.
மண்டியிட்டுக் கம்பியால் நெம்பி எடுத்தேன்,
இன்னும் எழுத்தில்லாத, சும்மா ஒரு பித்தளைத் துண்டு.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை
எடை போடாமல் எண்ணினேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
எத்தனை சுட்டார்கள் என்று
இங்கே யாரும் எழுதி வைப்பதில்லை.