தனித்தாள் இணைக்கவும்

பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிப் படிவத்தில்
ஏழாவது கேள்வி:
இதுவரை வசித்த முகவரிகள்.
மூன்று கோடுகள்.
போதாவிடின் தனித்தாள் இணைக்கவும்.

அறிவியல்நகர் விடுதியில் கரண்ட் நின்ற இரவு
போன் வெளிச்சத்தில் எழுதத் தொடங்கினேன்.
துணுக்காய், சொந்த வீடு.
அக்கராயன், ஒரு மாமரத்தின் கீழ், பதினொரு நாள்.
தருமபுரம், பள்ளிக்கூடம், நாலாம் வகுப்பறை.
விசுவமடு.
உடையார்கட்டில் இரண்டு இடம். ஒன்றில் ஒரே ஓர் இரவு,
அதையும் எழுதவேண்டுமா, யாரைக் கேட்பது?
இரணைப்பாலை.
மாத்தளனில் கதவிலக்கம் இல்லை,
கதவு இல்லை.
செட்டிகுளம் முகாம். கூடார எண் இன்னும் பாடம்,
அதைச் சொன்னால்தான் சோறு.
வயது ஐந்தரை முதல் ஏழு வரை.

தர்சிகா எட்டிப் பார்த்தாள்.
"விசரோ? துணுக்காய் எண்டு மட்டும் எழுதிவிடு.
நான் சீமெந்துக் கொம்பனிக்குப் போறன்,
உனக்கு வேற இடமே கிடைக்கேல்லை?"
கிடைத்தது. புள்ளி வரிசையில் மூன்றாவது ஆள் நான்.
பட்டியலில் நானாகத்தான் தொட்டேன்
நிலத்தடி ராடர், மாங்குளம் களம் என்ற
அந்த ஒற்றை வரியை.
நேர்முகத்தில் ஏன் என்றார்கள்.
சமிக்ஞைப் பாடம் பிடிக்கும் என்றேன்.
பொய்யில்லை.

அனுமதி வர ஐந்து வாரம்.
கிராம சேவகர் கடிதம், பொலிஸ் அறிக்கை, இரண்டு படம்.
தனித்தாளைப் பற்றி எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.
துளை போட்டுக் கோப்பில் கட்டியிருந்தார்கள்.
ஒரு துளை விசுவமடுவில் விழுந்திருந்தது.

வேலை இதுதான்:
தள்ளுவண்டியில் ராடர் காணியில் சால்சாலாக நடக்கும்.
திரையில் மண் சாம்பல் நிறம்.
உள்ளே ஏதும் கிடந்தால் ஒரு வளைவு எழும்,
கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி.
ஒவ்வொரு வளைவையும் பெட்டிக்குள் அடைத்துப் பெயரிட வேண்டும்,
இயந்திரம் அதைப் பார்த்துப் படிக்கும்.
பெயர்கள் இரண்டே. கண்ணி. குப்பை.
கண்ணி அல்லாத எல்லாம் குப்பை,
கையேட்டில் அப்படித்தான்.

தோண்டியவை பின்னேரம் தட்டில் வரும், எண்ணோடு.
சைக்கிள் கம்பி, குப்பை.
டோர்ச் பற்றரி, குப்பை.
மீன்ரின், பால்மா மூடி, சட்டைக் கொளுவி.
கால் மெட்டி ஒன்று.
குப்பை என்றே அழுத்தினேன், கொஞ்சம் சுணங்கி.
சுணக்கத்தையும் அது பதிந்துவைத்தது:
நாலு தசம் ஆறு விநாடி.

விதானாராச்சி மிஸ் கோபிக்கிற ஆளில்லை.
மூன்றாவதாக ஒரு பெயர் சேர்க்கலாமா என்றேன்.
"என்ன பெயர்?"
யோசித்தேன். எந்த மொழியிலும் வரவில்லை.
"மொடல் குழம்பும்" என்றார்.
சரிதான். அது குழம்பினால்
மாடு சாய்க்கப் போகிற ஒருவருக்குக் கால் போகும்.
மூன்றாம் வாய்க்காலில் அப்படி ஒருவரிடம்தான்
நாங்கள் பால் வாங்குகிறோம்.

பயிற்சிக் குறிப்பேடு, செவ்வாய்:
வளைவுகள் 212. கண்ணி 9. குப்பை 203.
கற்றுக்கொண்டது என்ற கட்டத்தில்
ஈர மண்ணில் அலை மெதுவாகப் போகும் என எழுதினேன்.
கையொப்பம் கிடைத்தது.

இரவு அப்பாவுக்கு எடுத்தேன்.
"தண்ணிப் பம்பை எவ்வளவு ஆழத்தில தாட்டனீங்கள்?"
"ஏன் பிள்ளை, இப்ப?"
"சும்மா."
"நெஞ்சளவு. பொலித்தீன் சுத்தி. பக்கத்தில பாலை நிண்டது."
திரும்பிப் போனபோது பாலை இல்லை.
நாலு இடத்தில் கிண்டிப் பார்த்து விட்டுவிட்டார்.
"உங்கட மிசினுக்குத் தெரியுமோ?"
"முழங்கால் ஆழம் மட்டும்தான் அப்பா கேக்கும்."
போனில் சில்லூறு இரைந்துகொண்டிருந்தது.
"அப்ப கிடக்கட்டும்" என்றார்.
"கிறீஸ் கனக்கப் பூசினனான்."