குறிப்பு

சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்குப் பின்னால்
வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பங்கர்.
கணக்கெடுக்கப் போனோம், நானும் ஹிதாயத்தும்.
கதவு ஒன்று, துருப்பிடித்தது.
வௌவால், எண்ணவில்லை.

டோர்ச்சைத் தூக்கினால்
கூரை முழுக்கச் சுண்ணாம்பு விழுது.
இளநீர் உறிஞ்சும் குழாய்ப் பருமன், உள்ளே வெறுமை,
நுனியில் ஆளுக்கொரு துளி.

மலைக்குகையில் என்றால்
விரற்கடை நீள நூறு வருசம் பொறுக்குமாம் கல்.
சீமெந்துக்கு என்ன அவசரமோ,
எண்பதுக்குள் முழம் தாண்டியிருக்கிறது.

குண்டு விழுமென்று தடிப்பித்த கூரை.
இதன்மேல் விழுந்ததெல்லாம் மாரி மழை.

"சொத்தா சேதமா, எந்தப் பத்தியில் போட?"
கேட்டபடி நிமிர்ந்தான் ஹிதாயத்.
தொப்பி தட்டி ஒன்று முறிந்தது.
சத்தம், முட்டையோடு அளவுக்குத்தான்.
ஆனாலும் இரண்டுபேரும் ஏனோ குனிந்து நின்றோம்,
யாரோ உள்ளே நித்திரை போல.

முறிந்த வாயில் ஈரம் திரண்டது,
தயங்கியது,
என் படிவத்தில்
'குறிப்பு' என்றிருந்த கட்டத்தில் விழுந்தது.

துடைக்கக் கை போனது. விட்டுவிட்டேன்.
கந்தோருக்கு வந்து சேர்வதற்குள்
காய்ந்து, மங்கலாய் ஒரு வெள்ளை வட்டம்.

அதற்கு மேல் எழுத ஒன்றுமிருக்கவில்லை.
கீழே ஒப்பமிட்டேன்.