பத்தொன்பதாம் கட்டம்

நல்லம்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் முகாம்.
எட்டாம் வகுப்பு பெஞ்சுகளை ஓரம் தள்ளி
ஐந்து கட்டில். கரும்பலகையில்
அழிக்காமல் விட்ட பின்னக் கணக்கு.
எனக்குப் படிவ மேசை.
எடை, ஹீமோகுளோபின், மஞ்சள் காமாலை, பச்சை குத்தல்,
கேட்டுக் கேட்டு என் குரலே
பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது.

வசுந்தராவுக்கு முன்னால் வந்தவர்
மோதிர விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே
எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' போட்டார்.
நாற்பது கேள்விக்கு நாற்பது வினாடி.
பேனா எங்கேயும் நிற்கவில்லை.
நானும் நிறுத்தவில்லை.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
தொப்பூர் கணவாயில் இட்லிக் கடை.
இரட்டைப் பாலத்தருகே எந்த லாரிக்குப் பிரேக் பிடிக்காவிட்டாலும்
ஆம்புலன்சுக்கு முந்தி ஓடுகிறவள்.
ஓ நெகட்டிவ். விரலைக் குத்துமுன்னே சொல்லிவிட்டாள்,
குலதெய்வத்தின் பேர் சொல்வதுபோல.
பத்தொன்பதில் விரல் நின்றது,
திருநங்கை என்ற சொல்லின் மேல்.
"இதுல என்னக்கா கேக்குறாங்க?
நான் என்ன செஞ்சேன்னா,
நான் யாருன்னா?"

யாரென்றுதான்.

எனக்கும் பயம் உண்டு, மறைக்க மாட்டேன்.
இருபது நாளுக்கொருமுறை
பென்னாகரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறான் மோகித்,
தலசீமியா, ஏழு வயது.
அவன் கைக்குள் ஏறுவது என் கையெழுத்து.
தொற்றிய புதிதில் கிருமி சில நாள்
எந்தச் சோதனைக்கும் தலைகாட்டாது.
அந்த நாட்களைக் கேள்வியால்தான் பிடிக்க வேண்டும்.
புது ஆளா, உறை இருந்ததா, ஊசி உண்டா,
மூன்று மாதத்துக்குள்ளா என்று
மோதிரக்காரரையும் அவளையும் என்னையும்
ஒரே குரலில் கேட்க வேண்டும்.
படிவம் அப்படிக் கேட்கவில்லை.
ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு
பூட்டியாயிற்று என்று தூங்கப் போகிறது.
சன்னல் கொக்கி ஆடிக்கொண்டே இருக்கிறது.

மோகித்தின் அம்மா சென்னம்மாவிடம் ஒருநாள்
இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.
மகனின் கையில் ஊசி நகராமல் பிடித்தபடி
"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா.
எல்லாரையும் நல்லாக் கேளுங்க.
வெக்கப்பட்டு யாரையும் கேக்காம விட்டுடாதீங்க" என்றாள்.
எனக்கு மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது.

அன்று நிராகரிப்பு முத்திரையை
மெதுவாகத்தான் குத்தினேன்,
மெதுவாகக் குத்தினால் மை குறையுமென்பதுபோல.
பிஸ்கட்டும் மாம்பழச் சாறும் நீட்டினேன்.
"குடுத்தவங்களுக்குத்தானேக்கா அது."
வைத்துவிட்டுப் போனாள்.

நாற்பத்தொரு பை சேர்ந்தது.
எலைசாவில் ஒன்று நிறம் மாறியது.
எந்த எண்ணென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.
அவளுடையது இல்லை.
அவளுடையதுதான் இல்லவே இல்லையே.

மூன்றாம் நாள் விடியற்காலம்
கணவாயிலிருந்து அடிபட்ட ஆள் வந்தார்.
குளிர்பெட்டியில் ஓ நெகட்டிவ் அடுக்கு காலி,
சேலத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவள் வசுந்தரா.
முந்தானை முழுக்க
பேர் தெரியாத ஒருவரின் ரத்தம்.
அதற்கு யாரும் படிவம் நீட்டவில்லை.
போனைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன்.
அவள் வேறெதுவும் கேட்கவில்லை,
கை கழுவக் குழாய் எந்தப் பக்கம் என்றாள்.