ஐந்தில் நான்கு

கிராஞ்சியில் மண்வாரி எந்திரம்
பல்லை நிறுத்திய இடத்தில் ஒரு துணிப்பட்டை.
துணி என்று சொல்ல நூல் நாலைந்துதான் மிச்சம்.
மற்றதெல்லாம் பச்சை.

அம்மா பார்த்தால் புளி கரைத்திருப்பாள்.
களிம்பென்றால் தேய்த்தால் போகும் என்பது அவள் கட்சி.
நான் தேய்ப்பதில்லை.
தேய்த்தால் எழுத்து போய்விடும்,
எழுத்து போனால் வெறும் பித்தளை,
எவன் பக்கமும் இல்லாத பித்தளை.

முழங்காலிட்டு, மூச்சை ஓரமாக விட்டு
மரக்குச்சியால் மண்ணை மட்டும் தள்ளினேன்.
அடிவட்டத்தில் விளிம்பு துருத்துகிறது,
த்ரீ நாட் த்ரீ என்று கை சொல்கிறது.
கைக்கு அவசரம் அதிகம்.
ஜப்பானியக் கடற்படையும் இதே அளவில்தான் வார்த்தது,
பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்.
தலையெழுத்தைத்தான் கேட்க வேண்டும்.

கே. எஃப். நடுவில் ஓர் அம்புக்குறி.
நாற்பத்தொன்று. ரோம எண்ணில் ஏழு.
கிர்க்கி, பூனா பக்கம்.
நடுப்பொட்டைச் சுற்றி ஊதா வளையம்,
காய்ந்த நாவல்பழக் கறை:
சாதாரணத் தோட்டா.
சிவப்பென்றால் வானில் கோடு இழுத்திருக்கும்,
பச்சையென்றால் இரும்பைத் துளைத்திருக்கும்.

மூன்றுக்குக் கழுத்தில் விரிசல்.
மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் அடுக்கிய தோட்டாக்கள்
இப்படித்தான் பிளந்தனவாம், மூத்திரக் காற்று பட்டு.
பிளந்த ஒன்றுக்குள் டார்ச் அடித்தேன்.
கார்டைட், சேமியாத் துண்டுகள் மாதிரி,
வியர்த்துக் கிடக்கிறது.
வியர்த்த மருந்தை நான் நம்புவதில்லை.

“விலை போகுமாக்கா?”
கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியசாமி,
அறந்தாங்கிக்காரர், முதலில் கண்டது அவர்தான்.
“ஜெயிலுக்குத்தான் போகும்” என்றேன்.
சிரித்தார்கள்.

பிறகு எண்ணினேன்.
பட்டையில் பத்துக் கவ்வி, கவ்விக்கு ஐந்து.
நாற்பத்தொன்பது.

மேற்பார்வையாளர் சியா பூன் கெங்
வரிசையில் நிற்கச் சொன்னார்.
பையைத் திருப்பு. பூட்ஸைக் கழற்று.
பதினொரு பேர்.
காலுறையில் ஓட்டையுள்ள மொஹிதுல்
ஓட்டைக் காலை மற்றக் காலால் மறைத்து நிற்கிறான்.
ஆரோக்கியசாமி பையிலிருந்து வந்தது
ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது,
எட்டாய் மடித்தது.

அந்த ஒரு கவ்வியை மட்டும்
தட்டில் வைத்துத் திருப்பினேன்.
நாலு தோட்டா அடைத்திருந்த இடத்தில்
எஃகு இன்னும் கறுப்பாக, எண்ணெய் மினுக்கோடு.
ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் துரு.
ஏடு ஏடாக, ஒன்றின் மேல் ஒன்றாக,
அவசரமே இல்லாத துரு.
காலையில் உருவிய இடம் இப்படி இருக்காது.

“பூட்ஸைப் போடச் சொல்லுங்க.
இது காணாமல் போனபோது
இவங்க அப்பாமாரே பிறக்கலை.”

சியா துருவைப் பார்த்தார்.
மன்னிப்பு என்பதை எந்த மொழியிலும் சொல்லவில்லை.
போய்விட்டு வந்தார்,
விரல்களில் தொங்கும் பதினொரு மைலோ பொட்டலங்களோடு.

ஹஃபீஸ் படிவம் நிரப்புகிறான்.
நிலை: ஆபத்து. மதிப்பு: இல்லை. முடிவு: அழிப்பு.
எண்ணிக்கையில் பேனா நின்றது.

கவ்வியோடு அழுத்தினால் ஐந்தும் இறங்கும்,
பயிற்சி அப்படித்தான்.
ஒன்றை மட்டும் உருவியிருக்கிறான் ஒருவன்.
நாற்பத்தொன்பதை மண்ணில் விட்டுவிட்டு
ஒன்று போதும் என்று எழுந்து போயிருக்கிறான்.
யாருக்கு என்பது
தலையெழுத்தில் இருக்காது.

“நாற்பத்தொன்பது. எழுது.”

மணல் நிரப்பிய பெட்டியை மூடினோம்.
லிம் சூ காங் பக்கமிருந்து மழை வருகிறது.
மொஹிதுல் நாடாவைக் கட்டாமலே
கயிற்றோரம் நின்று
குழியை எட்டிப் பார்க்கிறான்,
இன்னும் ஒன்று
அங்கேதான் இருக்க வேண்டும் என்பது போல.