கிளட்ச் கால்

பகலில் ஏற்காட்டுக்கு கேஸ் சிலிண்டர் ஏற்றுகிறேன்.
குட்டி யானை வண்டி. இருபது கொண்டை ஊசி.
ஒவ்வொரு வளைவிலும் இடது கால்
கிளட்ச்சை அடிவரை மிதிக்கும்,
மெல்ல, மெல்ல விடும்.
அவசரமே தெரியாத கால்.
பதினோரு வருஷமாய் அதற்கு ஒரே வேலை:
அழுத்து, பொறு, விடு.

ராத்திரி ஒன்பதரைக்கு
கொண்டலாம்பட்டி அறையில் அதே காலிடம்
நொடிக்கு ஐந்து அடி கேட்கிறேன்.

வாடகை குறைவு. காரணம் பக்கத்துச் சுவர்.
அதற்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி, நைட் ஷிப்ட்.
அந்தத் தெருவில் எங்கள் சத்தத்தை
யாரும் சத்தமாகவே மதிப்பதில்லை.

டபுள் பெடல் பெங்களூரில் ஒருவன் விற்றுவிட்டுப் போனது.
வலது பெடல் ட்ரம்மின் வாயிலேயே இருக்கும்.
இடதுக்கு நடுவில் ஓர் இரும்புத் தண்டு,
இரண்டு மூட்டு, ஒரு திருகு.
அங்கே மிதித்தால் இங்கே விழும்,
ஆள்விட்டுச் சொல்லி அனுப்பிய சேதி மாதிரி
கொஞ்சம் பிந்தி.
திருகை இறுக்கினேன். ஸ்பிரிங்கை இறுக்கினேன்.
செயினுக்கு எண்ணெய் விட்டேன்.
பிந்துவது தண்டில்லை என்று புரிய
ஒரு மாதம்.

நூறில் தொடங்கு. பத்து நிமிஷம்.
சுத்தமாய் வந்தால் இரண்டு கூட்டு,
வராவிட்டால் நான்கு குறை.
இந்தக் கணக்கில் மார்கழி முழுக்க
நான் சம்பாதித்தது ஆறு.

நூற்றி முப்பது வரை தொடை போதும்.
அதற்குமேல் தொடை வெறும் லோடு.
கணுக்கால் தானாகத் துடிக்க வேண்டும்,
மேலே இருக்கிற ஆள்
அதைக் கவனிக்காத மாதிரி உட்கார வேண்டும்.
மூச்சை விடவும் மறக்கக் கூடாது.
மறந்துவிடுவேன்.

எங்கள் பாட்டு நான்கு நிமிஷம் இருபது நொடி.
மூன்று நாற்பதில்
முழங்காலுக்குக் கீழே எலும்போரம்
வடைச்சட்டிப் பக்கம் நின்றதுபோல் காந்தும்.
இடது கால் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிவிடும்.
கிட்டார் ரெக்ஸன் திரும்பிப் பார்ப்பான்.
யசோதரை கத்தலை நிறுத்தாமலே
புருவத்தால் கேட்பாள்: என்னாச்சு?

பிப்ரவரியில் ஒரு வியாழன். கரண்ட் போனது.
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன.
நான் நிற்கவில்லை.
இருட்டில் போன் மட்டும் டிக் டிக் என்க
முதல் தடவையாக
என் கால்களைத் தனியாகக் கேட்டேன்.

திடதிட இல்லை.
திட்-ட. திட்-ட.
நொண்டிக் கழுதை.

இத்தனை மாதம் நடுவில் விழுந்த ஓட்டையைத்
தறிகள் அடைத்துக்கொண்டிருந்திருக்கின்றன.
நோட்டில் நான் எழுதிய நூற்றி நாற்பத்தாறில்
பாதி, பக்கத்து வீட்டுச் சொத்து.

சுவருக்கு அப்பாலிருந்து பங்காரு,
இழை அறுவதைக் காதால் பிடிக்கிறவன், என் வயசு:
‘ஏம்ப்பா, ஒண்ணு விட்டு ஒண்ணு அறுவுது பாரு.’
நான் வாயைத் திறக்கவில்லை.
கரண்ட் வந்தது. எனக்குத்தான் போய்விட்டிருந்தது.

நூற்றி நாற்பத்தாறை அடித்துவிட்டு
எண்பது என்று எழுதினேன்.
இடது முதலில். பிறகு இடது மட்டும்.
வலது தரையில் சும்மா கிடந்தது,
வேலை போனவன் கடை வாசலில் நிற்பது மாதிரி.
இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் அளக்கிறேன்,
தறி ஓடாத நாளில்.
போன வாரம் நூற்றிப் பன்னிரண்டு.
ரெக்ஸனிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று பதினாலாம் வளைவில்
இறங்குகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றேன்.
கீழே சேலம். மாக்னசைட் மண் வெள்ளை வெள்ளையாய்.
பின்னால் சிலிண்டர்கள் ஒன்றையொன்று இடித்து ஓய்ந்தன.
கிளட்ச்சின் மேல் இடது கால் நடுங்கியது.
களைப்பா, பழக்கமா, தெரியவில்லை.
எண்ணிப் பார்த்தேன்.

சமமாகத்தான் இருந்தது.
பஸ் எப்போதோ போய்விட்டது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்,
தாளமே இல்லாமல்.