சான்றுப்பொருள் நான்கு

மூன்று விஷயங்களை அரசு நிரூபிக்க வேண்டும் என்று
ஜூரியிடம் சொன்னார் நீதிபதி ஹால்வர்சன்.
கிரேட் ஃபால்ஸில் அன்று மைனஸ் இருபத்தாறு.
பன்னிரண்டு பேரில் ஒருவரும் மேல்கோட்டைக் கழற்றவில்லை.

முதலாவது, இவர் முன்பே தண்டனை பெற்றவர்.
ஆம். இருபத்திரண்டு வயதில் ஒரு படகு மோட்டாரைத் திருடினார்.
முப்பத்தொரு வருடமாயிற்று.
மோட்டார் கடைசிவரை ஓடவேயில்லை.

அடுத்து, துப்பாக்கி இவர் வசம் இருந்தது.
ஆம். அப்பா இறந்த பிறகு வைக்கோல் கொட்டகையில்
எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்தது.
பிஸ்கட் என்ற பெட்டைக்குதிரை
பனி மூடிய வளையில் கால் விட்டு முறித்துக்கொண்ட மாலைவரை
அவர் அதைத் தொட்டதில்லை.
கால்நடை மருத்துவர் தொண்ணூறு மைல்.
சாலை மூடியிருந்தது.
ஒரே குண்டு.
பிறகு உள்ளே வந்து கைகழுவி
ஷெரீப் ஆபீசுக்குத் தானே போன் செய்தார்:
வேலியோரம் பெரிய உடல் ஒன்று கிடக்கிறது,
அள்ளிப் போகிறவர்கள் நம்பர் இருக்குமா?
எதால் சுட்டீங்க ஓரின், என்று கேட்டான் டெபுடி.
சொன்னார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் கட்சிக்காரருக்கு
சட்டத்தில் மருந்தில்லை.

மூன்றாவதுதான் பெடரல்.
ஒரு வாக்கியம் சொல்வதற்காக
டென்வரிலிருந்து விமானத்தில் வந்திருந்தார் ஏஜென்ட்:
இந்த ரைபிள் கனெக்டிகட்டில் செய்தது.
ஆகவே மாநில எல்லை கடந்தது,
ஆகவே வணிகம்,
ஆகவே வாஷிங்டனுக்கு இதில் அக்கறை உண்டு.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன்.
எப்போது கடந்தது?
ஐம்பத்தொன்று வாக்கில்.
அப்போது திரு. டெஸ்டால் எங்கே இருந்தார்?
பிறக்கவில்லை.
ஜூரியில் ஒரு பெண் சிரித்தாள்.
சிரிப்பைக் குறிப்பெழுதும் பழக்கம் நீதிமன்றத்துக்கு இல்லை.

இடைவேளையில், காபி எந்திரத்தருகே, ஓரின் சொன்னார்:
நான் மொன்டானாவை விட்டு வெளியே போனதே இல்லை.
அது பார்த்த ஊரைக்கூட நான் பார்க்கலை.

இக்கட்டில் வேறு வழியின்றிச் செய்தார் என்று வாதிட
அனுமதி கேட்டிருந்தேன், பதினோரு பக்கம்.
தனக்கோ பிறருக்கோ உயிராபத்து என்றால் மட்டும்
என்கின்றன முன்தீர்ப்புகள்.
பிறர் என்பது உயர்திணை.
அந்தச் சொல்லுக்குள் ஒரு குதிரையை நுழைக்க
இரவு முழுக்கத் தள்ளினேன்.
கழுத்துவரை போயிற்று.
மனு நிராகரிக்கப்பட்டது, ஒரே வரியில்.

ஜூரிக்கு நாற்பது நிமிடம் பிடித்தது,
மதியச் சாப்பாடு உட்பட.

தண்டனை நாளன்று
எல்லோர் மேசையிலும் அதே அட்டவணை:
நாற்பத்து மூன்று வரிசை, ஆறு பத்தி.
அதில் விரல் வைத்து
ஒரு மனிதனைத் தேடுவதுதான் என் தொழில்.
பதினான்காம் வரிசையில் இருந்தார்,
பதினைந்து முதல் இருபத்தொரு மாதம்.
வேட்டைக்கும் விளையாட்டுக்கும் மட்டுமே வைத்திருந்த துப்பாக்கி என்றால்
ஆறாம் வரிசைக்கு இறக்கலாம்,
அங்கே சிறைக்கே போகாமல் தப்ப வழியுண்டு.
அப்பாவின் மான்களைப் பற்றிப் பேசினேன்.
சுவரில் தொங்கும் கொம்புகளின் படங்களைத் தாக்கல் செய்தேன்.

அரசுத் தரப்பில் ரெனேட்டா கோல்ஷ் எழுந்து,
குரலை உயர்த்தாமல்,
குதிரையைக் கொன்றது விளையாட்டா என்று கேட்டார்.

கேள்வி எனக்கு.
நான் தாள் புரட்டினேன்.
பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது:
இல்லைங்க மேடம்.

பதினைந்து மாதம்.
இருப்பதில் குறைந்தது என்று நான் சொல்ல,
நன்றி என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சிறை ஆரிகனில் என்று கடிதம் வந்திருக்கிறது.
போனில் சொன்னேன்.
வழியில் ஐடஹோ வருமா என்றார்.
வரும்.
அங்கே கடல் உண்டா?
முப்பது மைல் தள்ளி. தெரியாது.
சரி என்றார்.

வைக்கும்முன் இன்னொன்று கேட்டார்.
துப்பாக்கி போகட்டும்,
அந்த எண்ணெய்த் துணியையாவது திருப்பித் தருவார்களா?
அப்பாவுடைய சட்டை அது.

பட்டியலைப் பார்த்தேன்.
சான்றுப்பொருள் நான்கு: ரைபிள் ஒன்று, துணியுடன்.
அழிப்பதற்கு உத்தரவாகியிருக்கிறது.

ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்,
துணிக்கு மட்டும்.
எங்கே நெய்தது என்று
யாரும் விசாரிக்கவில்லை.